வைனோவுக்குத் திறக்காத ஜன்னல்

மார்லிஸ் கெட்டுனனை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. எப்படித் தெரியாமல் இருக்கும்? யார் வீட்டை எடுத்துக்கொண்டாலும் அந்த வீட்டுக் கிழவரையோ கிழவியையோ கடைசியாகக் குளிப்பாட்டி, தலைவாரி, நல்ல சட்டை போட்டு அனுப்பிவைத்தவள் அவள்தான். ஹெம்லாக் முனை முதியோர் இல்லத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். கை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. காது கேளாத கிழவர்கள்கூட அவள் வருவதை அறிவார்கள். சண்டைக்காரி என்று பெயர். அந்தச் சண்டையெல்லாம் யாருக்கோ ஒரு போர்வை கூடுதலாக வாங்கித் தருவதற்காகத்தான் இருக்கும்.

அந்த இல்லத்து உதவியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் அந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பார்கள். உடம்பைக் கழுவி முடிக்கிறவரை அது திறந்திருக்கும், பிறகு மூடிவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிற விஷயமும் இல்லை. போகிறவர் போக வழி வேண்டாமா, அவ்வளவுதான். எங்கள் லூதரன் பாதிரியார்கூட அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்குவார்.

இல்லத்துக்குப் புது நிர்வாகி வந்தாள். டயான் வாண்டர்மோலன், எங்கள் பக்கத்தை மீதி மாநிலத்தோடு இணைக்கும் பெரிய பாலத்துக்குத் தெற்கே இருந்து வந்தவள். குழந்தைக் கதைகளில் பூதங்கள் பாலத்துக்குக் கீழேதானே இருக்கும், அதனால் பாலத்துக்குக் கீழே வசிப்பதெல்லாம் பூதம் என்று தெற்கத்திக்காரர்களைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு. டயானை நேரில் பார்த்தபிறகு அந்தக் கேலியை அவள் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. மோசமானவள் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருப்பாள், அந்த விதிக்கு வெளியே உலகம் இருப்பதாக அவளுக்குத் தோன்றாது. இலையுதிர் காலத்தில் ஒரு அம்மாள் இறந்தபோது மார்லிஸ் ஜன்னலைத் திறந்ததை டயான் பார்த்துவிட்டாள். வெப்பம் வீண், குளிரில் குழாய் உறைந்து வெடிக்கும் என்று எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தாள். இன்னொரு முறை ஜன்னலில் கை வைத்தால் வேலை போய்விடும் என்றாள். மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அன்று முதல் எந்த ஜன்னலையும் அவள் தொடவில்லை.

இங்கேதான் வைனோ ஹியெட்டலா வருகிறார். பதினான்காம் அறைக்காரர். வாலிப வயதில் செப்புச் சுரங்கத்தில் கூரை சரிந்து இரண்டு நாள் இருட்டில் கிடந்தவர். வலது கையில் இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எந்தக் குளிர்காலத்திலும் அவர் வீட்டு ஜன்னல் முழுதாக மூடியதில்லை என்று அவர் மனைவி புலம்பிப் புலம்பியே போய்ச் சேர்ந்தாள். இல்லத்துக்கு வந்தபிறகும் மார்லிஸைப் பார்த்தால் முதல் பேச்சே ஜன்னல்தான்.

"ஒரு விரல் அளவு திறந்துவிடேன்."

"வைனோ, என் வேலைக்கு உலை வைக்காதீங்க. பூதம் பாத்துட்டா என்னை முழுங்கிடும்."

"சரி, இப்ப வேணாம். நான் போனப்புறம் திறந்தாப் போதும். மறுபடி உள்ள மாட்டிக்க என்னால முடியாது, மார்லிஸ். முடியவே முடியாது."

கேலியாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரின் முகத்தில் அப்போது கேலி இல்லை. அவள் அந்த மூன்று விரல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலையே போனாலும் திறக்கிறேன். போதுமா?"

ஜனவரியில் ஒரு பிற்பகல் அவர் போனார். மார்லிஸ்தான் கூட இருந்தாள். அவர் கண்ணை மூடிவிட்டு, எழுந்து, ஜன்னல் கொக்கியை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். நடையில் டயானின் காலணிச் சத்தம் கேட்டது. கை தானாகக் கீழே இறங்கியது. அப்புறம் திறக்கலாம் என்று நினைத்தாள். உடம்பைக் கழுவினாள். அப்புறம் என்று நினைத்தாள். சவ அடக்கக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

வேலை முடிந்து கோட்டை மாட்டும்போது பதினான்காம் அறை வாசலின்மேல் அழைப்பு விளக்கு எரிந்தது. உள்ளே போனாள். வெறும் கட்டில். அந்த விளக்கை எரியவைக்கும் பொத்தான் தலையணைமேல் கிடந்தது. அணைத்துவிட்டு வெளியே வந்தாள். நடையின் கோடிக்குப் போவதற்குள் மறுபடி எரிந்தது. ஒயரில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது நடந்த வேகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை அந்த அறையின் வெப்பக் குழாய் உறைந்து வெடித்து, ஒரு பகுதி முழுக்க முழங்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். கிழவர்களைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வேறு பக்கம் மாற்ற வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்ததால்தான் உறைந்தது என்று டயான் முடிவுகட்டினாள், திறந்தவள் யார் என்று யோசிக்கக்கூட இல்லை. மார்லிஸைக் கூப்பிட்டு, அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, தெரிந்தே செய்த தவறு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தைதான் வினை. வேலை போனால் அரசாங்கம் கொஞ்ச காலம் உதவித்தொகை தரும். தெரிந்தே தவறு செய்து வேலையை இழந்தவருக்குத் தராது. மார்லிஸின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு எண்ணெய் இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. உதவித்தொகை வந்தால் வசந்தம்வரை தாக்குப்பிடிக்கலாம், வேறு வேலை தேடலாம். வராவிட்டால் அப்பா கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, அரிசோனாவில் தங்கை வீட்டு சோபாவில் போய் விழ வேண்டும். தங்கையின் புருஷன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். அந்த சோபாவில் ஒரு பகல் உட்காரவே முடியாது. அவள் மேல்முறையீடு செய்தாள்.

விசாரணை தொலைபேசியில்தான் நடக்கும். நீதிபதி கூப்பிடுவார், நிர்வாகி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். அதற்கு அவளைத் தயார்ப்படுத்த, சட்ட உதவி மையத்திலிருந்து க்வென் ட்ராம்ப்ளி என்ற பெண் முந்தின வாரம் அழைத்தாள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"பாருங்க மார்லிஸ். நீங்க நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்ல. நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு அவங்கதான் நிரூபிக்கணும். பழக்கதோஷத்துல திறந்தீங்க, மூட மறந்துட்டீங்க. மறதி தப்பு, குற்றம் இல்ல. அதுக்கு உதவித்தொகைய நிறுத்த முடியாது. சரி, நான்தான் நீதிபதி. சொல்லுங்க, ஜன்னலைத் திறந்தீங்களா?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் க்வென். "உங்க பக்கம் ஏதோ காத்து அடிக்குது. ஜன்னலை மூடிட்டு வாங்க."

மார்லிஸ் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். எங்கள் ஊரில் முதல் பனிக்கு முன்பே ஜன்னல்களின் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக்கை இழுத்து ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்டி இறுக்கிவிடுவோம். அவள் வீட்டில் எல்லா ஜன்னலும் அப்படித்தான் இருந்தன, முரசுத் தோல் மாதிரி.

"இங்க எதுவும் திறந்தில்லையே."

"எனக்கு நல்லாக் கேக்குதே. கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி. தண்ணி சொட்டுற சத்தமும் இருக்கு. சரி, விடுங்க. பதிலைச் சொல்லுங்க."

"நான் திறக்கல, க்வென்."

க்வென் நிதானமாகச் சொன்னாள். "திறக்கலன்னா அதையே சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். ஆனா அது கஷ்டமான வழி. அப்ப அந்தக் குழாய் எப்படி உறைஞ்சுதுன்னு கேப்பாங்க. உங்ககிட்ட பதில் இருக்கா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மார்லிஸ் தொலைபேசியை வைத்தாள்.

மறுநாள் மதியம் லொரெய்ன் வந்தாள். மார்லிஸோடு கூட வேலை பார்த்தவள், இன்னும் அங்கேயே இருப்பவள். சாட்சி சொல்ல வந்தால் அவள் வேலையும் காலி, அதனால் அந்தப் பேச்சையே இருவரும் எடுப்பதில்லை. சூடாக இரண்டு பேஸ்டி கொண்டுவந்திருந்தாள், மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் திணித்துச் சுட்ட மாவுப் பண்டம். அதன்மேல் கெட்சப்பா குழம்பா என்று இருவரும் எப்போதும் போடும் சண்டையைப் போட்டார்கள். அதற்குள் லொரெய்ன் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"என்னடி, வீடு இப்படிச் சில்லுனு இருக்கு? எண்ணெய மிச்சம் பிடிக்கிறியா?"

"சூடு வச்சுத்தான் இருக்கேன்."

"வாடை வேற. ஈரக் கல்லு வாடை. நம்ம பழைய சுரங்க வாய்க்குக் கிட்ட நின்னா வருமே, அது." அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைத் தணித்தாள். "ஒண்ணு சொல்லட்டா? அந்தப் பதினாலு, அவர் போன அன்னைக்கு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னியே. இப்ப எரியறதே இல்ல. உன்னை அனுப்பின நாள்லருந்து அந்த அறை அவ்வளவு அமைதி. புதுசா வந்த கிழவி நிம்மதியாத் தூங்குது."

மார்லிஸ் கையிலிருந்த பேஸ்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப எங்க போச்சு?" என்றாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல."

லொரெய்ன் அவள் கையைத் தட்டினாள். "உன்னை எனக்குத் தெரியாதா? நான் திறக்கல திறக்கலன்னு நின்னு, உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத. திறந்தேன், மறந்துட்டேன். ரெண்டே வார்த்தை. வக்கீலம்மாவே வழி சொல்லிட்டா. வீட்டைக் காப்பாத்திக்க வேணாமா?"

"திறந்தேன்னு எப்படிச் சொல்றது லொரெய்ன்? அவர்கிட்ட சத்தியம் பண்ணிட்டு திறக்காம வந்தவ நான்."

"செத்தவர் கேக்கப் போறாரா?"

அதைச் சொன்னபோது சமையலறை ஜன்னலின் பிளாஸ்டிக் உள்பக்கமாகப் புடைத்தது. தூங்குகிற ஆளின் வயிறு மாதிரி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. வெளியே மரங்கள் அசையவில்லை. இருவரும் அதைப் பார்த்தார்கள். லொரெய்ன் மீதிப் பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பேருக்கு ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கோட்டின் பொத்தானைக்கூட வெளியே போய்த்தான் போட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் மார்லிஸ் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும்போது அதே ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியின் உட்பக்கம் வெண்பனி பூத்திருந்தது. அந்தப் பனியில் யாரோ விரலால் இழுத்த கோடுகள் இருந்தன. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு கை நுழைய இடமில்லை. பிளாஸ்டிக்கின் ஓரம் எங்கும் விடவில்லை, அவள் தடவித் தடவிப் பார்த்தாள். கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கின. ஒரு இடத்தில் இல்லை, கண்ணாடி முழுக்க. வழி தேடுகிற கை அப்படித்தான் தேடும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று கோடுகள்.

மார்லிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சாவைக் கண்டு பயந்தவள் இல்லை அவள், எத்தனை பேரைக் கழுவியிருக்கிறாள். அன்றைக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. அவமானம். அந்த மனிதர் அவள் பின்னாலேயே வந்திருக்கிறார். அவள் சொன்ன சொல்லை நம்பி, விளக்குப் போட்டுக் கூப்பிட்டு, அவள் வராததால் கோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வந்து இங்கேயும் மாட்டிக்கொண்டார்.

அப்போதே கிழித்துத் திறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு விளங்கியது. அப்போது திறந்திருந்தால், யாருக்கும் தெரியாமல், யார் காதிலும் படாமல் ஒரு கடனைத் தீர்த்துவிட்டு மறுநாள் போய், இல்லத்திலேயே திறந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பாளாம். தன்னைத் தனக்குத் தெரியும் என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவள் தேவாலயத்துக்குப் போடுகிற ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், தொலைபேசியில் யார் பார்க்கப்போகிறார்கள். நீதிபதியின் பெயர் ஹாலோரன். களைத்த, மரியாதையான குரல். டயான் இருந்தாள். கூடவே சாட்சியாக இல்லத்தின் பழுதுபார்ப்புக்காரன் ராய் ட்ரெவாரோவைக் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் உண்மையைச் சொல்வதாக உறுதி கூறினார்கள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி," என்றார் நீதிபதி, "யார் பக்கமோ ஜன்னல் திறந்திருக்கு. பதிவுல விழும். தயவுசெஞ்சு மூடுங்க."

"எங்க அலுவலகத்து ஜன்னல் திறக்கவே திறக்காது, ஐயா," என்றாள் டயான்.

"இங்கயும் மூடித்தான் இருக்கு," என்றாள் மார்லிஸ்.

சத்தம் நிற்கவில்லை. ஆழத்திலிருந்து மேலேறி வரும் காற்று, நடுநடுவே சொட்டு. நீதிபதி பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

டயான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். முதல் எச்சரிக்கை. அதற்குப்பின் அந்தப் பகுதி ஜன்னல்களையெல்லாம் ராயை விட்டுத் திருகாணி போட்டு இறுக்கச் சொன்னது. அப்படியும் இந்தப் பெண் திருகாணியைக் கழற்றித் திறந்திருக்கிறாள். உள்ளே பனி விழுந்திருந்தது என்று ராயே சொன்னான். ஜன்னல் திறக்காமல் பனி எப்படி வரும்?

மார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருகாணி போட்டதே அவளுக்குத் தெரியாது. எச்சரிக்கைக்குப் பிறகு ஜன்னலைத் தொட்டிருந்தால்தானே தெரியும். அன்று கொக்கியைத் திருப்பியிருந்தாலும் அது திறந்திருக்காது. இது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் முயன்றுகூடப் பார்க்கவில்லையே.

ராய் குழாய் வெடித்ததைப் பற்றி நான்கு வார்த்தை முனகினான். அவன் எப்போதும் அப்படித்தான், நாக்கைக் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன். பிறகு மார்லிஸின் முறை வந்தது.

"திருமதி கெட்டுனன், பதினாலாம் அறை ஜன்னலைத் திறந்தீங்களா?"

திறந்தேன், மறந்துட்டேன். இரண்டே வார்த்தை. அடுப்பு எண்ணெய், அப்பா கட்டிய வீடு, வசந்தம்வரை மூச்சுவிட நேரம் எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் இருந்தன. எதிரே பிளாஸ்டிக் ஏறி இறங்கியது.

"இல்ல ஐயா. திறக்கல. திறக்கிறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன். வேலையே போனாலும் திறக்கிறேன்னு சொன்னேன். டயான் வர்ற சத்தம் கேட்டுச்சு, பயந்துட்டேன். அவ்வளவுதான். சின்ன வயசுல அவர் மண்ணுக்குள்ள மாட்டிக் கிடந்தவர். அவர் கேட்டது அது ஒண்ணுதான், அதைக்கூட நான் செய்யல. குழாய் எப்படி உறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்."

அவள் குரல் உடைந்தது. சண்டைக்காரி அழுவதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார் போலும். அப்போது ராய் பேசினான்.

"ஐயா, நான் இன்னும் ஒண்ணு சொல்லணும்."

"உங்க வாக்குமூலம் முடிஞ்சுபோச்சே."

"முடியல. அந்த ஜன்னல் மூடியிருந்துச்சு. திருகாணி நான் போட்ட மாதிரியே இருந்துச்சு, ஒண்ணுகூட அசையல."

"ராய்," என்றாள் டயான். "பனி கிடந்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கிடந்துச்சு. கட்டில் மேல, முழங்கை ஆழத்துக்கு. தரையில ஒரு பொட்டு இல்ல. கட்டில்ல மட்டும், ஆள் படுத்து எழுந்த பள்ளத்தோட. மூடின ஜன்னலுக்குள்ள அது எப்படி வந்துச்சுன்னு நீங்க கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? அதனாலதான் வாயை மூடிக்கிட்டேன். இப்பவும் கேக்காதீங்க. ஆனா அந்தப் பொண்ணு திறக்கல. மார்லிஸ், மன்னிச்சுக்க."

டயானின் விதிகளில் இதற்கு எதுவும் இல்லை. தீர்ப்பு மறுவாரம் தபாலில் மார்லிஸுக்குச் சாதகமாக வந்தது, உதவித்தொகையும் வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்கள் நிம்மதியாகக் கேட்கலாம்.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா, திருமதி கெட்டுனன்?"

"ஒரு நிமிஷம் குடுங்க, ஐயா."

அவள் ரிசீவரை மேசைமேல் வைத்தாள். இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்து, சமையலறை ஜன்னல் பிளாஸ்டிக்கை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். கொக்கியைத் திருப்பினாள். பனி பிடித்த சட்டம் முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்து, வாய்விட்டுத் திட்டி, ஒரே தள்ளில் தூக்கினாள். ஏரிப் பக்கத்துக் குளிர் முகத்தில் அறைந்தது. அந்தக் குளிருக்கு எதிராக, அவள் கழுத்தை உரசிக்கொண்டு, உள்ளே இருந்து ஏதோ வெளியே போனது. ஈரக் கல் வாடை அடித்தது, பிறகு அதுவும் இல்லை.

"போங்க, வைனோ," என்றாள். "நேரமாக்கிட்டேன்."

அவள் திரும்பி வந்து ரிசீவரைக் காதில் வைத்தாள். அதில் எந்தச் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை, சொட்டும் இல்லை.

"அப்பாடா," என்றார் நீதிபதி. "யாரோ ஜன்னலை மூடிட்டீங்க. ரொம்ப நன்றி."

"மூடல ஐயா," என்றாள் மார்லிஸ். "இப்பதான் திறந்தேன்."

எதிர்முனையில் ராய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.